பையன் டார்ட்ஸ் பிளேயர் ஆகணும்னு நிக்கிறானா? கொஞ்சம் பொறுங்கம்மா

வணக்கம்மா, உங்க மெசேஜ் ரெண்டு தடவை படிச்சேன். 16 வயசுப் பையன், படிப்பை நிறுத்திட்டு முழு நேரமும் டார்ட்ஸ் (சுவத்துல மாட்டின வட்ட போர்டுல குட்டி அம்பு எறியற விளையாட்டு) ஆடப்போறேன்கிறான், ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ரூம்ல டக்கு டக்குன்னு சத்தம், ஏதாவது கேட்டா லூக் லிட்லரைப் பாருங்கன்னு வாயை அடைச்சிடறான். உங்க பயம் புரியுது.

லிட்லர் கதை பொய் இல்ல. 16 வயசுல, 2024 ஜனவரில உலக சாம்பியன்ஷிப் ஃபைனல் வரைக்கும் போய்த் தோத்தாரு, அடுத்த வருஷமே 17 வயசுல மைக்கேல் வான் கெர்வனை 7-3னு ஜெயிச்சு 5 லட்சம் பவுண்டு வாங்கினாரு. ஆனா அவரு ஒன்றரை வயசுலயே காந்த போர்டுல எறிய ஆரம்பிச்சவரு, அந்த மாதிரி ஒருத்தரை அளவுகோலா வச்சா யாருமே தேற மாட்டாங்க. நானா இருந்தா பையன்கிட்ட ராப் கிராஸ் பத்திப் பேசுவேன். எலக்ட்ரீஷியன் வேலை பாத்துக்கிட்டே ஆடி மேல வந்தவரு, 2018 ஜனவரி 1-ஆம் தேதி ஃபைனல்ல, 16 தடவை சாம்பியனான ஃபில் டெய்லரையே 7-2னு சாய்ச்சாரு.

இப்ப இந்தத் தொழில்ல பணம் எப்படி வருதுன்னு பாருங்க, பசங்க இதைத்தான் விசாரிக்கறதே இல்ல. பிடிசின்னு தொழில்முறை டார்ட்ஸ் நடத்தற அமைப்பு, அவங்க டூர்ல ஆட டூர் கார்டுங்கற அனுமதி வேணும், மொத்தமே 128 பேர்கிட்டதான் இருக்கும். புதுசா வர்றவங்க ஜனவரில இங்கிலாந்துலயும் ஜெர்மனிலயும் நடக்கற க்யூ ஸ்கூல்ங்கற தகுதிப் போட்டில ஜெயிச்சு வாங்கணும். வாங்கினாலும் 2 வருஷத்துக்குத்தான். ரேங்கிங்னு தனியா பாயின்ட் கிடையாது, கடைசி 2 வருஷத்துல ஜெயிச்ச பரிசுப் பணம்தான் ரேங்க், அதுல முதல் 64-க்குள்ள இல்லன்னா பெரும்பாலும் மறுபடியும் க்யூ ஸ்கூல் வரிசைலதான் நிக்கணும். சம்பளம் கிடையாது. டூர்ல நடக்கற பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டில முதல் ரவுண்டுலயே தோத்தா கைக்கு ஒண்ணும் வராது, ஆனா விமான டிக்கெட், ரூம் வாடகை எல்லாம் நம்ம பாக்கெட்லருந்துதான். கார்டு கிடைச்சா வேலை கிடைச்ச மாதிரின்னு பையன் நினைப்பான், அது கடை திறக்கற லைசென்ஸ் மட்டும்தான், வியாபாரம் ஆகறதும் ஆகாததும் வேற கதை.

ஸ்பான்சர் வருவாங்க, உண்மைதான், ஆனா பேர் வந்த பிறகு. அதுலயும் இந்த விளையாட்டைச் சுத்தி பெட்டிங் கம்பெனிங்க நிறைய, இதை மட்டும் இப்பவே பையன்கிட்ட ஓபனா பேசிடுங்க.

திறமை இருக்கா இல்லையான்னு நீங்களோ நானோ வாய்ல சொல்ல முடியாது, நோட்டு சொல்லும். 2.37 மீட்டர் தூரத்துல நின்னு 501 ஆடி (501-லருந்து எடுத்த பாயின்டைக் கழிச்சுக்கிட்டே வந்து சரியா பூஜ்யத்துல முடிக்கற ஆட்டம்), மூணு டார்ட்டுக்கு சராசரி எவ்வளவுன்னு தினமும் எழுதச் சொல்லுங்க. பெரிய ஆளுங்க சராசரி 100-ஐ ஒட்டி இருக்கும், டூர்ல தாக்குப்பிடிக்கணும்னா 90 சாதாரணமா வரணும். ரூம்ல தனியா எறிஞ்ச கணக்கு வேண்டாம், எதிராளி இருக்கற மேட்ச் கணக்கு மட்டும். அதோட டபுள் (போர்டோட வெளி ஓரத்துல இருக்கற மெல்லிய வளையம், அதுல பட்டா பாயின்ட் ரெண்டு மடங்கு) எத்தனை தடவை மிஸ் ஆச்சுன்னும் எழுதணும், ஏன்னா கணக்கை முடிக்கறதே டபுள்லதான், மூணு டார்ட்ல எடுக்க முடியற அதிகபட்சமான 180 அடிச்சுக் கைதட்டு வாங்கிட்டு கடைசில டபுள் 20-ஐ அஞ்சு தடவை விட்டு மேட்சைத் தொலைக்கறவங்க எக்கச்சக்கம். மனசு வேற இருக்கு. 5 தடவை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோவுக்கே ஒரு கட்டத்துல கையை விட்டு டார்ட் போகல, டார்டைட்டிஸ்னு அதுக்குப் பேரே இருக்கு.

இதெல்லாம் கேட்டுட்டு உடனே போர்டைக் கழட்டிடாதீங்க. படிப்பை விட வேண்டாம்னு அவன்கிட்ட பேச உங்ககிட்ட நல்ல பாயின்டே இருக்கு: இது இருபதுல முடிஞ்சுபோற விளையாட்டு இல்ல. டெய்லர் முதல் உலக சாம்பியன்ஷிப் ஜெயிச்சப்போ 29 வயசு, கடைசி ஃபைனல் ஆடினப்போ 57. நாலஞ்சு வருஷம் படிச்சுட்டு வந்தாலும் கதவு திறந்துதான் இருக்கும். நடுவுல வார இறுதில லோக்கல் லீக் ஆடட்டும், இளைஞர்களுக்குன்னு டெவலப்மென்ட் டூர் 16 வயசுலருந்தே இருக்கு, சராசரி ஏறினா அதை ட்ரை பண்ணலாம். நாள்ல ரெண்டு மணி நேரம் பிராக்டீஸ்னு பேசி முடிவு பண்ணுங்க. ஆறு மாசம் கழிச்சு அந்த நோட்டோட பையனையும் கூட்டிட்டு வாங்க, மூணு பேரும் உக்காந்து பேசுவோம்.

அப்புறம் அந்த டக்கு டக்கு சத்தம், போர்டுக்குப் பின்னாடி தடிமனா ஒரு ரப்பர் ஷீட் வச்சு மாட்டச் சொல்லுங்க, பாதி குறைஞ்ச மாதிரி இருக்கும்.