1870இல் ஜிடிபி எவ்வளவு? பழைய புள்ளிவிவரம் தேடுவோருக்குக் கேள்வி பதில்

நூறு, நூற்றைம்பது ஆண்டுப் பொருளாதார, நிதிப் புள்ளிவிவரங்களை எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படிச் சோதிப்பது என்று கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: வணக்கம் சார். ஆய்வேட்டுக்கு நூறு வருட ஜிடிபி தேவை. உலக வங்கித் தரவில் 1960க்கு முன்னால் ஒன்றுமே காணோமே?

பதில்: இருக்காது. அந்தத் தொடரே 1960இல்தான் தொடங்குகிறது. பென் வேர்ல்ட் டேபிள் என்ற பல நாட்டுத் தரவுத் தொகுப்பை எடுத்தால் 1950 வரை பின்னால் போகலாம். அதற்கும் முன்னால் என்றால் மேடிசன் புராஜெக்ட். ஆங்கஸ் மேடிசன் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த எண்கள் அவை. அவர் 2010இல் மறைந்த பிறகு, நெதர்லாந்தின் கிரோனிங்கன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு சக ஆய்வாளர்கள் அந்த வேலையைத் தொடர்கிறார்கள். 2023 பதிப்பில் 169 நாடுகள், 2022 வரை. இலவசம்.

எடுப்பதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள். 1913இல் எந்த அரசாங்கமும் ஜிடிபி என்று ஒன்றைக் கணக்கிடவில்லை. பொருளாதார அறிஞர் சைமன் குஸ்னெட்ஸ் அமெரிக்க செனட்டுக்கு தேசிய வருமான அறிக்கை கொடுத்ததே 1934இல். ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறை வெளிவந்தது 1953இல். அப்படியானால் 1870க்கு நிற்கும் எண் எங்கிருந்து வந்தது? விளைச்சல், சுங்க வரி, ரயில் சரக்கு, மக்கள்தொகைக் கணக்கு இவற்றையெல்லாம் வைத்துப் பின்னாளில் ஒருவர் உட்கார்ந்து கட்டியது. கோப்பில் மூலங்களுக்கென்று தனித் தாள் இருக்கும். முதலில் அதைத் திறந்து, உங்கள் நாட்டின் எண்ணை யார் கட்டினார் என்று பாருங்கள். எண் அப்புறம்.

கேள்வி: நண்பர் ஒருவர் தொகுத்துத் தந்த கோப்பில் 19ஆம் நூற்றாண்டு வளர்ச்சி விகிதங்களைக் கணக்கிட்டேன். சில நாடுகளில் ஏற்ற இறக்கமே இல்லை. அவ்வளவு அமைதியான காலமா அது?

பதில்: அமைதியாக இருந்தது கால்குலேட்டர். வளர்ச்சி விகித நிரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். 1.2, 1.2, 1.2 என்று ஐம்பது வரிகள் ஒரே எண் வந்தால், இரண்டு ஆண்டுகளுக்குத்தான் மதிப்பீடு இருந்திருக்கிறது, நடுவில் உள்ளதை யாரோ கோடு போட்டு நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். பல நாடுகளுக்கு 1820, 1870 போன்ற சில ஆண்டுகளுக்கு மட்டுமே மதிப்பீடு உண்டு. நீண்டகாலச் சராசரி வளர்ச்சிக்கு அது போதும். ஏற்ற இறக்கம் பற்றி ஒரு வார்த்தைகூட அதை வைத்துச் சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அமெரிக்காவில் 1930க்கு முந்தைய வேலையின்மை விகிதம் தாறுமாறாக ஏறி இறங்கியது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அடங்கிவிட்டது என்று நெடுநாள் நம்பினார்கள். 1986இல் பொருளாதார அறிஞர் கிறிஸ்டினா ரோமர் ஒரு எளிய சோதனை செய்தார். பழைய எண்களை எந்த முறையில் மதிப்பிட்டார்களோ, அதே முறையில் போருக்குப் பிந்தைய ஆண்டுகளையும் கணக்கிட்டுப் பார்த்தார். அவையும் அதே மாதிரி குதித்தன! பழைய காலத்தின் கொந்தளிப்பில் ஒரு பெரும்பகுதி, மதிப்பிட்ட முறை கிளப்பிய கொந்தளிப்பு. எனக்குத் தெரிந்து தரவு பற்றிய பாடங்களில் இதைவிட அழகானது இல்லை.

கேள்வி: பங்குச் சந்தை, வட்டி, வீட்டு விலை, வங்கிக் கடன் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்குமா அண்ணா?

பதில்: கிடைக்கும். ஜோர்டா, ஷுலாரிக், டெய்லர் மூவரும் உருவாக்கிய மேக்ரோஹிஸ்டரி தரவுத்தளம்: 18 நாடுகள், 1870 முதல், ஆண்டுவாரியாக. எக்செல்லாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 18உம் வளர்ந்த நாடுகள். அதில் கண்டதை “உலகம் முழுக்க இப்படித்தான்” என்று எழுதிவிடாதீர்கள். வங்கி நெருக்கடி மட்டும்தான் தேவை என்றால் லேவன், வலென்சியா இருவரின் பட்டியல் இன்னும் அகலமானது. 1970 முதல் 2017 வரை 151 நெருக்கடிகள்.

பங்கு விலைக்கு இரண்டு எச்சரிக்கைகள். 1917இல் ரஷ்யாவிலும் 1949இல் சீனாவிலும் முதலீட்டாளர்கள் மொத்தத்தையும் இழந்தார்கள். இன்றுவரை நீடித்த சந்தைகளை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால், பந்தயத்தில் விழுந்த குதிரைகளை விட்டுவிட்டுச் சராசரி வேகம் சொல்வது போலாகும். இரண்டாவது, ராபர்ட் ஷில்லரின் அமெரிக்கப் பங்குத் தொடர். 1871 முதல் மாதவாரியாக இருப்பதால் எல்லோரும் எடுக்கிறார்கள். அதிலுள்ள விலை மாதக் கடைசி நாள் விலை கிடையாது, மாதச் சராசரி. சராசரி போட்டாலே அடுத்தடுத்த மாதங்களுக்கு நடுவே இல்லாத தொடர்பு முளைக்கும். அதைப் பார்த்துவிட்டு “சந்தையை முன்கூட்டியே கணிக்கலாம்” என்று கிளம்பியவர்கள் உண்டு.

கேள்வி: செலாவணி விகிதத்துக்கு ஆண்டுச் சராசரியா, ஆண்டு முடிவா? எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராதுதானே?

பதில்: 1931ஐ எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 21 அன்று பிரிட்டன், நாணய மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் தங்க மதிப்பீட்டு முறையை விட்டு வெளியேறியது. அதுவரை பவுண்டுக்கு 4.86 டாலர். டிசம்பரில் சுமார் 3.4. ஆண்டுச் சராசரி போட்டால் ஏறக்குறைய 4.5 வரும். அந்த ஆண்டின் முன்பாதிக்கும் அது பொருந்தாது, கடைசி மாதங்களுக்கும் பொருந்தாது. ஏற்றுமதி, இறக்குமதி போல ஆண்டு முழுக்க ஓடும் தொகைக்குச் சராசரி. கடன், கையிருப்பு போல ஒரு நாளில் நிற்கும் தொகைக்கு அந்த நாளின் விகிதம். இந்த மாதிரி ஆண்டுகளில் மாதத் தரவு கிடைத்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேடம், சர்வதேச சங்கத்தின் (ஐ.நா.வுக்கு முன்பிருந்த லீக் ஆஃப் நேஷன்ஸ்) பழைய புள்ளிவிவர ஆண்டுப் புத்தகங்களை ஸ்கேன் வடிவில் கண்டுபிடித்தேன். மென்பொருளை வைத்து எக்செல்லுக்கு மாற்றலாமா?

பதில்: (நான் மேடம் இல்லை, பரவாயில்லை.) மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். என் ஆய்வுக் காலத்தில் பட்டதைச் சொல்கிறேன். அந்தக் கால அட்டவணைகளில் இரண்டு புள்ளி இருந்தால் “விவரம் இல்லை”. சிறு கோடு இருந்தால் “ஒன்றுமில்லை”, அதாவது பூஜ்யம். மென்பொருள் இரண்டையும் காலியாக விட்டது. நான் புத்திசாலித்தனமாக எல்லாக் காலியிடத்திலும் பூஜ்யம் போட்டேன். ஒரு நாட்டின் தங்கக் கையிருப்பு மூன்று வருடம் மறைந்து, நான்காம் வருடம் அப்படியே திரும்பி வந்தது. அதற்கு ஒரு விளக்கமும் யோசித்து ஒரு பக்கம் எழுதிவிட்டேன். வழிகாட்டி கேட்ட முதல் கேள்வி, “மூலப் பக்கம் எங்கே?”

அப்புறம், ஐரோப்பியப் பக்கங்களில் 1.234 என்றால் பெரும்பாலும் ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கு, தசமத்துக்குக் கமா. ஜெர்மன் மொழியில் பில்லியன் என்றால் லட்சம் கோடி. நாம் பில்லியன் என்று சொல்லும் நூறு கோடிக்கு அவர்களிடம் மில்லியார்டு என்ற தனிச் சொல் உண்டு. பிரிட்டிஷ் அரசு பில்லியனை நூறு கோடி என்று ஏற்றுக்கொண்டதே 1974இல்தான். 1923ஆம் ஆண்டு ஜெர்மன் எண்களைத் தொடுகிறவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். பணவீக்கத்தின் முடிவில் லட்சம் கோடி காகித மார்க்குக்கு ரெண்டன்மார்க் என்ற புதிய நாணயம் ஒன்று கொடுத்தார்கள். அந்த ஆண்டில் ஒரு பூஜ்யம் தவறினால் உங்களுக்கே தெரியாது.

கேள்வி: விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு மாறும் இடத்தில் பழைய தொடரையும் புதியதையும் எப்படி இணைப்பது?

பதில்: இரண்டும் சேர்ந்து ஓடும் ஆண்டுகளைப் பிடியுங்கள். பழைய தொடர் 1990=100 (அதாவது 1990இன் விலை நிலையை 100 என்று கொண்டது) என்று வைத்துக்கொள்வோம். 2000 முதல் 2003 வரை அதில் 140, 144, 148, 152. புதிய தொடர் 2000=100; அதே ஆண்டுகளில் 100, 103, 106, 109. பழையதைப் புதியதால் வகுத்தால் 1.40, 1.398, 1.396, 1.394. கிட்டத்தட்ட ஒரே எண்தான், சரி. பழைய எண்களை எல்லாம் 1.4ஆல் வகுத்துப் பின்னால் நீட்டிவிடலாம். 1995இல் 118 இருந்தால் 84.3 ஆகும். வளர்ச்சி விகிதம் மாறாது.

அந்த விகிதம் 1.40இல் தொடங்கி 1.30க்குச் சரிந்தால் நிறுத்துங்கள். இரண்டு தொடரும் ஒரே பொருளை அளக்கவில்லை. பொருள்களுக்குக் கொடுக்கும் எடை மாறியிருக்கலாம், நகர்ப்புற விலை நாடு முழுவதற்குமான விலையாக மாறியிருக்கலாம். எந்த ஆண்டில் இணைத்தீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதத்தான் வேண்டும்.

கேள்வி: கட்டணத் தரவுத்தளம் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் டிபிநோமிக்ஸ், ஃபிரெட் என்ற இணையத் தரவுத்தளங்கள் இரண்டையும் துழாவுங்கள். இரண்டும் இலவசம். அதிலும் கிடைக்காவிட்டால் உங்கள் நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள். சொந்தக் காசு கடைசியில்.

கேள்வி: எக்செல்லிலேயே எல்லாம் செய்யலாமா, நிரல் எழுதியே ஆக வேண்டுமா?

பதில்: சின்ன வேலைக்கு எக்செல் போதும். ஆனால் பொருளாதார அறிஞர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரையை நினைத்துக்கொள்ளுங்கள். அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி -0.1 சதவீதம் என்றார்கள். 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், அவர்களின் எக்செல் தாளைக் கேட்டு வாங்கித் திறந்தார். சராசரி சூத்திரம் 30ஆம் வரிசை முதல் 49 வரை போயிருக்க வேண்டும், 44லேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் வெளியே. அதோடு சில ஆண்டுகள் விடுபட்டதையும் சராசரியில் நாடுகளுக்கு எடை கொடுத்த விதத்தையும் சரிசெய்தபோது, அவரும் அவர் பேராசிரியர்களும் கண்ட சராசரி 2.2 சதவீதம். டவுன்லோட் செய்த மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள், தேதியும் பதிப்பு எண்ணும் கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். இந்த எண்களும் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். அமெரிக்கத் தொடர்களுக்கு அன்றைய நாளில் என்ன எண் வெளியாகியிருந்தது என்பதை ஆல்ஃப்ரெட் தளத்தில் பார்க்கலாம்.

கேள்வி: பிரான்சுக்கு 1950ஆம் ஆண்டுக் கணக்கு யூரோவில் இருக்கிறது. அப்போது யூரோவே இல்லையே ஐயா?

பதில்: இல்லை. 1960இல் 100 பழைய ஃபிராங்க் ஒரு புதிய ஃபிராங்க் ஆனது. 1999இல் 6.55957 ஃபிராங்க் ஒரு யூரோ ஆனது. இரண்டாலும் வகுத்து வைத்திருக்கிறார்கள். 1950இன் நூறு கோடி ஃபிராங்க் இப்படித்தான் சுமார் 15.24 லட்சம் யூரோவாகத் தெரிகிறது. ஒரே நாட்டுக்குள் ஆண்டுகளை ஒப்பிட இது போதும், விலைவாசி உயர்வைக் கழித்த பிறகு. இத்தாலியின் 1970 யூரோவையும் ஜெர்மனியின் 1970 யூரோவையும் மட்டும் கூட்டிவிடாதீர்கள். லிராவும் மார்க்கும்தான் அங்கே யூரோ சட்டை போட்டு நிற்கின்றன.