மெக்சிகோவின் ஸ்பானிஷ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோ பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஒரு கேள்வி. 300 ஆண்டுகள் ஆண்ட ஸ்பெயின், நவாட்ல் போன்ற மண்ணின் மொழிகளை வாள்முனையில் ஒழித்துத் தன் மொழியைத் திணித்தது. விடுதலைக்குப் பிறகும் மெக்சிகர்கள் அந்த அந்நிய மொழியை ஏன் உதறவில்லை?

எம்., கோவில்பட்டி

அன்புள்ள எம்.,

ஸ்பெயின் அங்கே செய்த கொடுமைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் மொழி விஷயத்தில் நடந்தது வேறு. ஸ்பானிஷ் அங்கே பெரும்பான்மையினரின் மொழியானது ஸ்பானியர்கள் கிளம்பிப் போன பிறகுதான்.

பாதிரிமாருக்கு மதமாற்றமே முதல் வேலை. அதற்கு மக்களின் பேச்சைத் தாங்கள் கற்பதுதான் குறுக்குவழி. எல்லோருக்கும் ஸ்பானிஷைக் கட்டாயமாக்கலாம் என்று 1596இல் ஆலோசனை வந்தபோது மன்னர் இரண்டாம் ஃபிலிப்பே மறுத்துவிட்டார். 1578இல் கொல்லத்தில் தமிழில் ஞானோபதேசம் அச்சானதும் இதே கணக்கில்தான்.

அந்தக் கால நவாட்ல் உயில்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஊர்க் கணக்கர் லத்தீன் எழுத்தில், நவாட்ல் மொழியில் எழுதியவை. வீட்டுமனை இவருக்கு, கற்றாழை நிலம் அவருக்கு, சுவாமி படம் மகளுக்கு என்று போகும். ஸ்பானிய நீதிமன்றம் அவற்றைச் சாட்சியமாக ஏற்றது. ஸ்பானிஷ் மட்டுமே போதும் என்று மன்னர் மூன்றாம் கார்லோஸ் ஆணையிட்டது 1770இல்தான். அதுவும் கிராமங்களுக்குள் அதிகம் இறங்கவில்லை.

1821இல் விடுதலை. அப்போது மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பழங்குடி மொழிக்காரர்கள். பழங்குடியினரை 'இந்தியர்' என்று ஒதுக்கி வைத்த தனிச் சட்டப் பிரிவை ஒழித்து, எல்லோரும் சம குடிமக்கள் என்றது புதிய அரசு. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சமத்துவம் ஸ்பானிஷில் மட்டுமே கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டில் கிராமப் பள்ளிகள் மிச்சத்தை முடித்தன. தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் வகுப்பில் அடி வாங்கினார்கள். அடி வாங்கிய தலைமுறை தன் பிள்ளைகளிடம் ஸ்பானிஷிலேயே பேசியது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் வலிக்கும் இடம் இது.

2020 கணக்கெடுப்பின்படி பழங்குடி மொழி பேசுவோர் 6 சதவீதம், சுமார் 73 லட்சம் பேர். மற்றவர்களுக்கு ஸ்பானிஷ்தான் தாய்மொழி. அம்மா தாலாட்டிய மொழியை எப்படி உதறுவார்கள்? அதைக் கேட்க நமக்கு உரிமையுமில்லை. கேட்கவேண்டியது அந்த 73 லட்சம் பேருக்காக. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களின் மொழிகளையும் தேசிய மொழிகள் என்கிறது. ஆனாலும் ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லப் பல சமயம் ஆளில்லை.