புதுப் பற்றரி போட்டும் சின்ன ரக்ரர் காலையில் ஸ்ராற் ஆகவில்லை, ஏன்?

நான்கு வேலை லைற் பூட்டி இரவில் மூன்று மணித்தியாலம் உழுததாகச் சொல்கிறீர்கள். பிழை பற்றரியில் இல்லை, கணக்கில்தான்.

சின்ன ரக்ரர்கள் பலவற்றில் மின்சாரம் தந்து பற்றரியைச் சார்ஜ் செய்வது காந்த டைனமோ. 20 அம்பியர் என்றால், முழு வேகத்தில் 14 வோல்ற்றில் 280 வாற்ஸ். உங்கள் நான்கு ஹலஜன் லைற்றும் 55 வாற்ஸ் வீதம் 220, முன் லைற் இரண்டும் 70. அதுவே 290. இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ பாதிதான் தரும் என்று வையுங்கள். மீதி 150 வாற்ஸ் பற்றரியிலிருந்து போகும். 12 வோல்ற் பற்றரியில் அது ஏறக்குறைய 12 அம்பியர், மூன்று மணித்தியாலத்தில் ஏறக்குறைய 36 அம்பியர்-மணி. 45 அம்பியர்-மணிப் பற்றரியில் அப்புறம் என்ன மிஞ்சும்?

பெரிய பற்றரி போடச் சொல்வார்கள். கிணறு ஊறுவதை விட அதிகமாக இறைத்தால், தொட்டியைப் பெரிதாகக் கட்டி என்ன பயன்? 18 வாற்ஸ் எல்இடி நான்கு போடுங்கள், 72 வாற்ஸோடு முடியும்.

ஆனாலும் மல்ரிமீற்றரைப் பற்றரி முனைகளில் வைத்துப் பாருங்கள். லைற் இல்லாமல் நடு வேகத்தில் 13.8 முதல் 14.5 வோல்ற் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், இன்ஜினை நிறுத்தி, பற்றரியிலிருந்து ரக்ரர் உடம்புக்குப் போகும் ஏர்த் வயரை முதலில் கழற்றுங்கள். வலிகாமத்துச் செம்மண் அந்த நட்டுக்கு அடியில் துருவோடு கட்டியாகிக் கிடக்கும். சுரண்டி, இறுக்கினால் பல நேரம் சரி. லைற் வயருக்குப் பியூஸைப் பற்றரிக்குக் கிட்டவே போடுங்கள், அது காப்பது வயரைத்தான்.