ஷாக் எடை தாங்காது, பட்டைதான் தாங்கும்: பிக்கப் வண்டியில் வீட்டிலேயே என்ன செய்யலாம்?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்:

"அண்ணே, ஆறு வருஷத்து பிக்கப், 1.3 டன் மாடல். ஒன்றரை லட்சம் கிலோமீட்டரை நெருங்குது. அறுப்பு சீசன்ல கொள்முதல் நிலையத்துக்கு நெல் அடிக்கிறேன், மத்த நாள்ல உரம், வாழைத்தார், கிடைக்கிற லோடு. காலியா வரும்போது தூக்கித் தூக்கிப் போடுது, தலை கூரையில இடிக்குது. 50 சிப்பம் ஏத்தினா பின்பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்துலயும் டம்முனு அடிக்குது. கேஸ் ஷாக் போட்டு பக்கத்துக்கு ரெண்டு பட்டை கூட்டினா சரியாயிடும்னு கடையில சொல்றாங்க. ஸ்பேனர் செட், ஜாக்கி எல்லாம் வீட்டுல இருக்கு. நானே மாத்தலாமா?"

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷாக்கை நீங்களே மாற்றலாம். பட்டை கூட்டாதீர்கள். சிப்பத்தைக் குறையுங்கள். மூன்றாவதைப் படித்ததும் முகம் சுளித்திருப்பீர்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனி வியாதிகள், கடைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். வண்டியின் எடையையும் லோடையும் தாங்குவது பட்டை, அதாவது வண்டிக்கு அடியில் வளைவாக அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகள், நம் ஊரில் கமான் என்றும் சொல்கிறோமே அதுதான். ஷாக் எதையும் தாங்குவதில்லை. பள்ளத்தில் விழுந்து அமுங்கிய பட்டை திரும்ப எழும்பும்போது ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவது மட்டும்தான் ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கும் ஆயில் சின்னச் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போய்வரும், ஆட்டம் சூடாக மாறி வெளியே போய்விடும். கேஸ் ஷாக் என்றால் அதே ஆயிலோடு கொஞ்சம் நைட்ரஜன் அழுத்தமாக அடைத்திருப்பார்கள், மோசமான ரோட்டில் நெடுநேரம் ஓடும்போது ஆயில் நுரைத்துப் போகாமல் இருப்பதற்காக. நல்ல பொருள்தான், ஆனால் அது 50 சிப்பத்தைத் தூக்கி நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலியில் தூக்கிப் போடுவதற்கு ஷாக்கும் காற்றும் காரணமாக இருக்கலாம், லோடில் உட்காருவது பட்டையும் எடையும் சம்பந்தப்பட்டது.

காற்று என்றதும் ஞாபகம் வருகிறது, செலவே இல்லாத வைத்தியம் அதுதான். லோடுக்கு என்று டயரில் கல்லு மாதிரி காற்றடித்துவிட்டு, திரும்பி வரும்போதும் அதே காற்றோடு வருகிறோம். வண்டியோடு வந்த புத்தகத்தில் அல்லது கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் காலிக்கு எவ்வளவு, லோடுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருந்தால், ஒரு வாரம் அதன்படி ஓட்டிப் பாருங்கள். பாதித் தூக்கல் அதிலேயே குறையலாம்.

அடுத்து, ஷாக் செத்துப்போச்சா இல்லையா என்று பார்க்கும் விதம். கார் பம்பரை அமுக்கிப் பார்ப்பதுபோல பிக்கப்பில் அமுக்கிப் பார்த்துப் பயனில்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், செத்த ஷாக்கும் நல்ல ஷாக் மாதிரி நடிக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு பாமணியாற்றங்கரை ரோடு மாதிரி குலுக்கும் ரோடு ஒன்றில் பத்து கிலோமீட்டர் போய்விட்டு, உடனே இறங்கி நான்கு ஷாக்கின் உடம்பையும் தொட்டுப் பாருங்கள் (சைலன்சரில் கை பட்டுவிடாமல்). வேலை செய்கிற ஷாக் வெதுவெதுப்பாகவோ சூடாகவோ இருக்கும். மற்றதெல்லாம் சூடாக இருந்து ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது உள்ளே காலி. வெளியே லேசாக ஈரம் பூத்து அதில் தூசி ஒட்டியிருப்பது பெரிய குற்றமில்லை, ஆயில் வழிந்து கோடு போட்டிருந்தால் ஆள் முடிந்தார். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் இந்த ரோட்டில் ஓடிய ஷாக் என்றால் நான்குமே போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள், ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசு வேண்டாம்.

மாற்றும் வேலைக்கு வருவோம். வண்டியைக் காலி செய்து சிமெண்ட் களத்தில் நிறுத்துங்கள், கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்க ஷாக்குக்கு வண்டியைத் தூக்கவே வேண்டாம். நிறைய பேருக்கு இது தெரியாமல் ஜாக்கி போட்டு ஆபத்தை வாங்கிக்கொள்கிறார்கள். எடை பட்டை மேல் இருக்கிறது, ஷாக்கைக் கழற்றினால் எதுவும் கீழே விழாது, சக்கரம் தரையில் இருக்கும்போதே படுத்து உள்ளே போய் வேலை பார்க்க பிக்கப்பில் இடம் தாராளம். முன்பக்கமும் பட்டையாக இருந்தால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டால் கை போகும். முன்னால் காயில் ஸ்பிரிங் இருக்கிற மாடல் என்றால் அதை மட்டும் பட்டறையில் கொடுங்கள், அமுங்கியிருக்கும் காயில் தெறித்தால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்ல எனக்கு மனசில்லை. எதற்காகவாவது தூக்கத்தான் வேண்டும் என்றால் சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) அடியில் இரும்பு ஸ்டாண்ட் கொடுக்காமல் உள்ளே நுழையாதீர்கள். செங்கல் அடுக்கி முட்டுக் கொடுப்பதை நம் பக்கம் இன்னும் பார்க்கிறேன், செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மழைக்காலத்தில் வீட்டு வாசல் களிமண்ணில் ஜாக்கி வைத்தால் ஜாக்கிதான் இறங்கும், வண்டி ஏறாது.

முதல்நாள் ராத்திரியே நட்டுகளில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். உப்போ மீனோ அடித்த வண்டியாக இருந்தால் இரண்டு ராத்திரி. இளகவில்லை என்றால் நட்டை ரம்பத்தால் அறுத்து எடுங்கள், கேஸ் வெல்டிங் தீயைக் கொண்டுபோய் ஷாக்குக்குப் பக்கத்தில் காட்டாதீர்கள், உள்ளே அழுத்தத்தில் ஆயிலும் கேஸும் இருக்கிறது, வெடிக்கும். கழற்றும்போது வாஷர், புஷ் (ரப்பர் வளையம்) எந்த வரிசையில் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஷாக்கின் தடிமனான பாகம் கீழே இருந்ததா மேலே இருந்ததா என்பதும் அந்தப் படத்தில் வந்துவிடும், புதுசும் அப்படியேதான் போக வேண்டும். சாதாரண ஆயில் ஷாக்கைத் தலைகீழாக மாட்டினால் அது வேலையே செய்யாது.

புது ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மாட்டாதீர்கள். கடையில் அது படுத்தே கிடந்திருக்கும், ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் காற்று புகுந்திருக்கும். மாட்டப்போகிற வாக்கிலேயே நிமிர்த்திப் பிடித்து முழுக்க இழுத்து முழுக்க அமுக்கி நாலைந்து தடவை செய்யுங்கள். முதல் இரண்டு தடவை நடுவில் லொடக்கென்று வெற்றாகப் போகும், அப்புறம் சீராக இறுகும். அதற்குப் பிறகு படுக்க வைக்காமல் நேரே மாட்டுங்கள்.

புஷ்ஷுக்கு கிரீஸ், என்ஜின் ஆயில் எதுவும் தடவ வேண்டாம், ரப்பர் ஊதிப்போய்விடும். நுழைய மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும். கடைசி இறுக்கு, வண்டியின் எடை முழுக்கச் சக்கரத்தில் நிற்கும்போதுதான். வளையத்துக்குள் போல்ட் போகிற மாதிரி ஷாக்கில் இது ரொம்ப முக்கியம். சக்கரம் தொங்கும்போது இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், உள்ளே இருக்கும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும். என் வண்டிக்கு ஒரு பட்டறையில் இப்படித்தான் செய்து கொடுத்தார்கள், இரண்டே மாதத்தில் கடகட சத்தம், ஷாக் மட்டமான கம்பெனி என்று நான் வேறு ஊரெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன். ஷாக் மேல் எந்தத் தப்பும் இல்லை.

சரி, ஷாக் கதை முடிந்தது. இப்போது உட்கார்ந்துபோகிற விஷயம்.

ஒரு சிப்பம் 40 கிலோ. 50 சிப்பம் 2000 கிலோ, அதாவது 2 டன். உங்கள் வண்டி 1.3 டன். ஆர்.சி.யில் மொத்த எடையும் வெற்று எடையும் போட்டிருக்கும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் உங்கள் உரிமை, அதில் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து வருபவரும் அடக்கம். 32 சிப்பமே 1280 கிலோ ஆகிவிடுகிறது, ஆட்கள் எடையைச் சேர்த்தால் 28, 29க்கு மேல் நியாயமாக ஏற்ற முடியாது. ஆக, பட்டை உட்காருவது வியாதியே இல்லை, அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், போதாததற்குக் கூடுதல் லோடை அங்கேயே இறக்கவும் வேண்டும். நடுரோட்டில் நெல்லை இறக்கி வைத்துவிட்டு வேறு வண்டி தேடிய அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

"பட்டை கூட்டினால் தாங்கும்தானே?" என்பீர்கள். பட்டை தாங்கும். ஆக்ஸில், வீல் பேரிங், டயர், பிரேக், சேஸிஸ் இதெல்லாம் பழைய 1.3 டன்னிலேயே நிற்கிறது. அதைவிட மோசமான ஒன்று உண்டு. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பி போய் ஒரு வால்வில் முடியும், குனிந்து பார்த்தால் தெரியும். வண்டி உட்கார்ந்தால் லோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அந்த வால்வு பின் சக்கரத்துக்கு பிரேக்கைக் கூட்டிவிடும், எழும்பி நின்றால் காலி என்று நினைத்துக் குறைத்துவிடும். நீங்கள் இரண்டு பட்டை கூட்டிப் பின்பக்கத்தை உயர்த்திவிட்டால், 2 டன்னோடு வரும்போதும் அது காலி வண்டி என்றே நினைக்கும். முன் பிரேக் மட்டும் முக்கி முக்கி நிறுத்த வேண்டியிருக்கும். பட்டை கூட்டுகிற இடத்தில் இதை யாரும் சொல்வதில்லை, அந்தக் கம்பி அங்கே எதற்கு இருக்கிறது என்றுகூடச் சிலர் யோசிப்பதில்லை. அப்புறம் காலியில் வரும்போது இப்போது தூக்கிப் போடுவதைப்போல இரண்டு மடங்கு தூக்கும், அதற்கு எந்த ஷாக் போட்டாலும் நிற்காது.

எனக்கும் இந்த ஆசை வந்ததுண்டு. வேதாரண்யத்து உப்பு அடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பட்டை கூட்டினேன். ஆறு மாதம் ராஜா மாதிரி ஓடியது. அப்புறம் ஒருநாள் திருத்துறைப்பூண்டி வருவதற்குள், கூட்டிய பட்டையின் நுனி எங்கே முட்டிக்கொண்டிருந்ததோ சரியாக அந்த இடத்தில் மேல் பட்டை முறிந்தது. உப்பு லோடு, மழை மேகம், தார்ப்பாய் ஓட்டை. மீதியை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகப் பட்டையைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு வருஷம் அதிக லோடு அடித்த பட்டை தளர்ந்திருக்கும். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடி விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறது அல்லது உள்ளே ஒரு பட்டை முறிந்திருக்கிறது. பட்டை நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளில் கடப்பாரையைக் கொடுத்து லேசாக நெம்பினால் புஷ் ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். பாதி டம்டம் சத்தம் அங்கிருந்துதான் வரும், புஷ் மாற்றினால் தீரும். சேற்றுக் களியும் துருவும் சேர்ந்து ஷேக்கிள் அசையாமல் இறுகிப்போயிருந்தாலும் காலியில் தூக்கும். பழைய என்ஜின் ஆயிலை அடியில் வாரி அடிக்கும் பழக்கத்தை விடுங்கள், தூசி அப்பிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், புஷ் ரப்பரும் போய்விடும்.

பட்டையைக் கழற்றுகிற வேலையை மட்டும் ஸ்பிரிங் பட்டறையில் கொடுங்கள், வீட்டில் வேண்டாம். தளர்ந்த பட்டையைச் சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், நாலு லோடில் பழையபடி படுத்துவிடும். கம்பெனி அளவிலேயே, அதே எண்ணிக்கையில் புதுக்கட்டு போடச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும். பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் புதுசாகத்தான் இருக்க வேண்டும், ஒருதடவை இறுக்கி நீண்டுபோன யூ போல்ட் திரும்ப அதே பிடி பிடிக்காது. அது தளர்ந்தால் சுமை முழுக்க, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டுக்குப் போகும், சென்டர் போல்ட் முறிந்தால் ஆக்ஸில் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும்.

புதுக்கட்டு போட்டு முதல் லோடு அடித்துவிட்டு வந்ததும், அப்புறம் ஒரு 500 கிலோமீட்டர் ஓடியதும், யூ போல்ட்டுகளை இன்னொரு தடவை இறுக்குங்கள். அந்த முதல் லோடு 25 சிப்பமாக இருக்கட்டும், மீதி 25 அடுத்த நடையில் போகட்டும்.