மேதை இயக்குநர் யார்? செட்டிநாட்டு வாசகர்களின் சினிமாக் கேள்விகள்

வசூல், விருது, எடுத்த படங்களின் எண்ணிக்கை: இவற்றில் எதை வைத்து ஓர் இயக்குநரை மேதை என்று சொல்வது? எங்கள் வீட்டில் ஐயா வசூல் என்கிறார், தம்பி விருது என்கிறான். தீர்த்து வையுங்கள்.
*(வாசகி, காரைக்குடி)*

இரண்டு பேர் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வசூலில் நடிகரின் பங்கு உண்டு, பண்டிகை நாளின் பங்கு உண்டு, எதிரே வேறு படம் வராததன் பங்கும் உண்டு. விருது அந்த வருடத்துத் தேர்வுக்குழுவின் ரசனை. இயக்குநரின் வேலை படத்துக்குள்ளே இருக்கிறது. அங்கேதான் தேட வேண்டும்.

தேடுவதற்கு உங்கள் ஊரிலேயே ஒரு நூல்முனை கிடைக்கிறது. இளையான்குடியில் பிறந்து அழகப்பா கல்லூரியில் படித்தவர் மகேந்திரன். அவருடைய 'முள்ளும் மலரும்' (1978) படத்தின் கடைசிக் காட்சியை எடுத்துப் பாருங்கள். முரட்டு அண்ணன் காளி, ஒரு கை போனவன். தங்கை வள்ளி அவன் வெறுக்கிற இன்ஜினியரைக் கல்யாணம் செய்துகொள்ள ஊராரோடு கிளம்பிவிட்டாள். வழியில் அவன் நிற்கிறான். அவள் எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். அந்த இடத்தில் அவன் மனம் நிறைந்து அவளைக் கொண்டுபோய் ஒப்படைக்கிறான். ஆனால் மாப்பிள்ளையிடம் 'உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை' என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறான்.

சாதாரண இயக்குநராக இருந்தால் காளியை அங்கே முழுசாகத் திருத்தியிருப்பார். மன்னிப்புக் கேட்க வைத்து, இருவரையும் கட்டித் தழுவ விட்டு, பின்னணியில் வயலின்களையும் ஏற்றியிருப்பார். மகேந்திரனுக்கு அந்த ஆள் எவ்வளவு மாறுவான், எந்த இடத்துக்குமேல் மாறவே மாட்டான் என்று தெரிந்திருக்கிறது. அடுத்த வருடம் வந்த 'உதிரிப்பூக்க'ளில் இன்னும் துணிச்சல். ஊரே சேர்ந்து கொடுமைக்காரன் சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்கிச் சாகச் சொல்கிறது. நல்லவர்களாக இருந்த உங்களை என்னைப்போல் ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் அவன் பேசிவிட்டு இறங்குகிறான். கெட்டவன் ஒழிந்தான் என்று பார்ப்பவர் கைதட்ட முடியாமல் போகிறது. தன் பாத்திரங்களை இந்த அளவுக்கு அறிந்து, அறிந்ததை விட்டுக்கொடுக்காமல் கடைசி ஷாட் வரை கொண்டுபோகிறவரே மேதை. ஐயாவிடமும் தம்பியிடமும் இந்த இரண்டு முடிவுகளையும் போட்டுக் காட்டுங்கள்.

கேமரா ஒருவர், இசை ஒருவர், நடிப்பு இன்னொருவர். இதில் இயக்குநருக்கு மட்டும் ஏன் இத்தனை பெருமை?
*(வாசகர், திருப்பத்தூர்)*

நியாயமான கேள்வி. 'முள்ளும் மலரு'மில் பாலு மகேந்திராவின் ஒளியும் இளையராஜாவின் இசையும் இல்லாவிட்டால் அது வேறு படம். ஆனால் ஒரு சோதனை செய்யலாம். ஒளிப்பதிவாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் மூன்று இயக்குநர்களோடு செய்த படங்களை வரிசையாகப் பாருங்கள். மூன்றிலும் வெளிச்சம் அழகாகவே இருக்கும். ஒன்றில் மட்டும் அந்த வெளிச்சம் காட்சியின் பொருளோடு ஒட்டியிருக்கும். அந்த ஒட்டு இயக்குநருடையது. 'உதிரிப்பூக்க'ளுக்கு ஒளிப்பதிவு அசோக்குமார். ஆள் மாறியும் மகேந்திரனின் நிதானமும் குறைந்த பேச்சும் மாறவில்லை.

எங்கள் வீட்டைப் படப்பிடிப்புக்கு விடுகிறோம். எந்தப் படத்தில் பார்த்தாலும் வீடு ஒரே மாதிரி கல்யாண மண்டபம்போலத் தெரிகிறது. பெரிய இயக்குநர் ஒருவர் வந்தால் இதே வீட்டில் என்ன வேறாகச் செய்வார்?
*(வாசகர், கானாடுகாத்தான்)*

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் செட்டிநாட்டு வீடு அளவுக்குப் படங்களில் வந்தும் சரியாகக் காட்டப்படாத இடம் வேறில்லை.

வரும் யூனிட் முதலில் செய்வது, தலைவாசலில் நின்று அகன்ற லென்ஸைப் போடுவது. முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய நடுப்பகுதி), அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டு எல்லாம் பின்வாசல் வரை ஒரே நேர்கோட்டில் விழும். பார்க்கப் பிரமாதம். ஆனால் ஒரே ஷாட்டில் வீட்டை முழுக்கச் செலவழித்தாயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கதவு திறந்தாலும் பார்ப்பவருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. நல்ல இயக்குநர் அந்த நேர்கோட்டை அவசரப்பட்டுக் காட்டமாட்டார். முகப்பில் யார் உட்காரலாம், எந்தப் படிவரை வெளியாள் வரலாம், உள்கட்டிலிருந்து பெண்கள் எந்தக் கதவோரம் நின்று பேச்சைக் கேட்பார்கள் என்று வீடே ஒரு முறையை வைத்திருக்கிறது. படியைத் தாண்டக் கூடாதவன் தாண்டும்போதுதான் கதை நகர்கிறது. ஆச்சி ஒருவர் இரண்டாங்கட்டு நிலைவாசலில் கை வைத்து நிற்பதே ஒரு வசனம்.

அடுத்தது கேமராவின் உயரம். வளவில் ஆட்கள் தரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், பந்தியில் இலை போட்டுச் சாப்பிடுகிறார்கள். நிற்கிற ஆளின் கண்ணளவில், ஐந்தடியில் கேமராவை வைத்தால் எல்லோரையும் குனிந்து பார்த்தமாதிரி ஆகிவிடும். உச்சந்தலைகளும் தரை ஓடுகளும்தான் பதியும். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு பாயில் உட்கார்ந்து வாழ்கிறவர்களைப் படமெடுத்தவர். கேமராவைத் தாழ இறக்கி, பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸிலேயே 'டோக்கியோ ஸ்டோரி' (1953) மாதிரிப் படங்களைத் தந்தார். உங்கள் வளவுக்கும் இரண்டு, இரண்டரை அடி உயரம் போதும். அப்போது தேக்குத் தூண்கள் மனிதர்களுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும், முகங்களும் நேராக வரும்.

பிறகு வெளிச்சம். நடுப்பகலில் முற்றத்து வெயிலுக்கும் சுற்றுப் பத்தியின் (தாழ்வாரத்தின்) நிழலுக்கும் ஐந்து ஸ்டாப் வித்தியாசம் வந்துவிடும். ஸ்டாப் என்பது கேமராக்காரர்கள் வெளிச்சத்தை அளக்கும் அளவு. ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு. ஐந்து ஸ்டாப் என்றால் 32 மடங்கு. பத்திக்குச் சரியாக வைத்தால் முற்றம் வெள்ளையாக வெந்துபோகும், முற்றத்துக்கு வைத்தால் பத்தியில் இருப்பவர்கள் கறுத்துப்போவார்கள். இதைச் சமாளிக்கத்தான் யூனிட்டுகள் பத்திக்குள் பெரிய விளக்குகளைக் கொண்டுவந்து அடிக்கின்றன. தூணுக்குத் தூண் மூன்று நான்கு நிழல் விழுவதும், நீங்கள் சொல்கிற கல்யாண மண்டபம் வருவதும் அதனால்தான்.

சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்தில் காசி வீட்டின் முற்றத்தை ஸ்டூடியோவில் செட் போட்டார்கள். முற்றத்தில் மேலிருந்து இறங்கும் நிழலற்ற வானத்து ஒளி வேண்டும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா செட்டின் தலைக்குமேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியில் அடித்துத் திருப்பினார். நிஜ வீட்டில் எடுத்தது என்றே இன்றும் பலர் நினைக்கிறார்கள். உங்களிடம் நிஜ முற்றமே இருக்கிறது. அதன்மேல் வெள்ளைத் துணி கட்டினால் வெயில் உடைந்து மென்மையாக இறங்கும். சில கவனங்கள் மட்டும் வேண்டும். காடாத் துணி பழுப்பேறியது, முகங்களில் மஞ்சள் ஏறும். நீலம் போட்டு வெளுத்த வேட்டித் துணியில் நீலம் ஏறும். சாதாரண வெளுத்த வெள்ளைத் துணி நல்லது. நான்கு மூலையை மட்டும் கட்டினால் காற்றில் பாய்மரமாக உப்பி, கூரை ஓடுகளையே பெயர்த்துவிடும். மூன்றடிக்கு ஒரு கட்டுப் போட வேண்டும். துணி இல்லாவிட்டால் காலை 9 மணிக்குள், அல்லது மாலை 4-க்கு மேல் முற்றத்துக் காட்சிகளை வைத்துக்கொண்டு, சாய்வெயிலுக்கு எதிரே ஒளியைத் திருப்பத் தெர்மாகோல் பிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரும், மெருகு ஏறிய ஆத்தங்குடி ஓடும் கண்ணாடி மாதிரி விளக்கைத் திருப்பிக் காட்டும். லென்ஸின் முன் போலரைசர் ஃபில்டர் போட்டால் அந்தப் பளபளப்பு குறையும். ஆனால் சுவருக்கு நேர் எதிரே நின்றால் அது வேலை செய்யாது. சாய்வாக நிற்க வேண்டும், ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் அது விழுங்கும். ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடி இருக்கும் கூடத்தில் கேமராவை ஒரு சாண் நகர்த்தினால் யூனிட்டில் பாதிப் பேர் உள்ளே தெரிவார்கள். ஒத்திகையின்போதே ஒருவரை இதற்கென்று நிறுத்துங்கள்.

லைவ் சவுண்ட், அதாவது படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவது என்றால் வளவில் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள். எதிரொலி அடங்கும்வரை வசனம் புரியாது. ஃபிரேமுக்கு வெளியே தரையிலும் பத்திச் சுவரிலும் ஜமக்காளம் போட்டு, மைக்கைப் பேசுபவரின் வாய்க்கு ஒன்றரை அடிக்குள் கொண்டுவர வேண்டும்.

வீட்டுக்காரராக நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடங்கள்: சுவரில் ஆணி கூடாது, ஸ்டாண்டுக் கால்கள் ஒவ்வொன்றுக்கும் அடியில் ரப்பரோ சாக்கோ வேண்டும். ஆத்தங்குடி ஓடு சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ண சிமென்ட்டை ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. இரும்புக் கால் இழுபட்டால் கீறல் போகாது. எலுமிச்சைச்சாறு சிந்தினாலும் கறைதான்.

ஒரு காட்சியைப் பல டேக் எடுப்பவர்தான் பெரிய இயக்குநரா?
*(வாசகர், தேவகோட்டை)*

இல்லை. அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் ஒரே ஷாட்டைப் பல பத்துத் தடவை எடுத்துக்கொண்டே போவார். அவருக்கு நேரமும் ஃபிலிமும் இருந்தன, எதைத் தேடுகிறார் என்ற தெளிவும் இருந்தது. 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிடம்தான். 'ரோப்' (1948) படத்தில் ஹிட்ச்காக் நீண்ட நீண்ட ஷாட்டுகளாகவே எடுத்தபோது அந்தச் சுருளின் நீளமே எல்லை. கையில் ஃபிலிம் குறைவாக இருந்த நம் ஊர் இயக்குநர்கள் மனக்கண்ணில் எடிட் செய்துவிட்டுத்தான் படப்பிடிப்புக்கு வந்தார்கள். உங்கள் பக்கத்துக் காரைக்குடியில் பிறந்த எஸ்.பி. முத்துராமன் ஏவி.எம்.மின் எடிட்டிங் பிரிவில் தொழில் கற்றவர். எடிட்டிங் மேஜையில் வெட்டி எறியப்படுவதைப் பார்த்துப் பழகியவருக்கு எதை எடுக்கவே தேவையில்லை என்று தெரியும். ரஜினிகாந்தை வைத்து மட்டும் 25 படங்களைச் சொன்ன நாளில் முடித்துத் தந்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். அவற்றில் 'ஆறிலிருந்து அறுபது வரை' (1979) தனி உயரம். அதில் ரஜினியின் வேகத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு ஒரு குடும்பத்துச் சுமையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஏவி.எம். காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்தாராமே? அவரை இயக்குநராகவும் சேர்த்துக்கொள்ளலாமா?
*(வாசகி, கோட்டையூர்)*

வைத்திருந்தார், தேவகோட்டை ரஸ்தாவில். 1947-இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான், இயக்கமும் ஏ.வி. மெய்யப்பனே. இருந்தாலும் அவருடைய மேதைமை தயாரிப்பில், அதிலும் காதில். 'ஸ்ரீவள்ளி'யில் (1945) கதாநாயகி ருக்மணி பாடிய பாடல்கள் மனத்துக்கு ஒப்பாததால் பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ஏற்கெனவே எடுத்த உதட்டசைவுக்குப் பொருத்தினார். அந்தக் காலத்துக் கருவிகளோடு அது லேசான காரியமல்ல.

அவர் தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954) பாடலே இல்லாத படம். ஒரு கொலை, அதைப் பற்றி ஆளுக்கொரு கதை. குரோசாவாவின் 'ரஷோமோன்' (1950) திறந்த வழி அது. மேதையை அடையாளம் காண இதுவும் ஒரு வழி: ஜப்பானில் ஒருவர் கதை சொல்லும் முறையை மாற்றியதால், நான்கே வருடத்தில் சென்னையில் ஒருவருக்குத் துணிச்சல் வந்தது.

நான் கல்லூரி மாணவி. ஒரு படத்தை இயக்குநரின் கண்ணோடு பார்க்கப் பழகுவது எப்படி?
*(வாசகி, பள்ளத்தூர்)*

முதல் தடவை குறிப்பெடுக்காமல் முழுசாகப் பாருங்கள். மறுநாள், மனதில் தங்கிய ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடத்துக்குள். சண்டை, பாட்டு வேண்டாம். அவற்றில் வேறு மாஸ்டர்களின் கை அதிகம். இரண்டு பேர் ஓர் அறையில் பேசுவது நல்ல பாடம்.

சத்தத்தை அணைத்துவிட்டு ஒவ்வொரு கட்டுக்கும் (ஷாட் மாறும் இடத்துக்கும்) நிறுத்தி ஒரு வரி எழுதுங்கள்: யார் ஃபிரேமில் இருக்கிறார்கள், எவ்வளவு அருகில், கேமரா கண்ணளவுக்கு மேலா கீழா, நகர்கிறதா, எத்தனை விநாடி. முடிந்ததும் மொத்த விநாடியை ஷாட்டுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 240 விநாடியில் 30 ஷாட் என்றால் சராசரி 8. இந்தச் சராசரியை மிஞ்சி 25 விநாடி நிற்கிற ஷாட் எது என்று பாருங்கள்; இயக்குநர் எங்கே மனம் வைத்தார் என்பது அங்கே தெரியும். அடுத்து, அறையின் தரைப்படம் வரைந்து கேமரா நின்ற இடங்களைப் புள்ளி வையுங்கள். நல்ல காட்சிகளில் புள்ளிகள் ஒரு பக்கமாகவே சேர்ந்திருக்கும், ஒரே ஒருமுறை எதிர்ப்பக்கம் தாவும். தாவிய இடத்தில் யாருடைய கை ஓங்கியது என்று வசனத்தோடு ஒத்துப் பாருங்கள். கடைசியாகப் படத்தை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் கேளுங்கள்.

கெடுகிற இடமும் உண்டு. பழைய படங்கள் சதுரத்துக்குப் பக்கமான ஃபிரேமில் எடுத்தவை. டிவியை நிரப்புவதற்காக அதை இழுத்தோ, தலையையும் காலையும் வெட்டியோ பதிவேற்றியிருப்பார்கள். முகங்கள் அகலமாகத் தெரிந்தால் வேறு பிரதி தேடுங்கள். புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். விநாடிக்கு 24 ஃபிரேம் படத்தை அது சீரியல் மாதிரி ஆக்கிவிடும். செட்டிங்ஸில் பிக்சர் பகுதிக்குள் போய் அதை அணைத்துவிட்டு உட்காருங்கள்.