போருக்குப் பிறகு ஒரு நாட்டில் அமைதியையும் சனநாயகத்தையும் மீட்க ஐ.நா. போன்ற அமைப்புகளால் உண்மையிலேயே முடியுமா?

முடியும், தங்கினால். பாதியில் கிளம்பிவிட்டால், வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றிவிடும். எனக்கு இதைப் புத்தகத்துக்கு முன்னால் சொல்லிக் கொடுத்தது எங்கள் குடும்பம்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் கொல்லம் மாவட்டம் குளத்தூப்புழைப் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். செங்கோட்டைக்குப் பஸ் ஏறினால் தமிழ்நாடு. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைக் கேரளத்தில் குடிவைத்தார்கள். அவர்களுக்காகவே புனலூர்ப் பக்கம் ரப்பர் போட்டார்கள். அங்கே கொழுந்து பறித்த தாத்தா இங்கே பால் வெட்டப் பழகினார். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் தலையை எண்ணிப் பிரித்துக்கொண்டன. எண்ணப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாத்தாவுக்கு இந்தியா என்றும் அவருடைய தங்கைக்கு இலங்கை என்றும் ஆனது. 1977 கலவரத்தில் வீட்டை இழந்த அத்தைப் பாட்டி, மலையை விட்டு இறங்கி வன்னிக்குப் போய்க் கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார்.

2003-ல் அவர் எங்கள் லயத்துக்கு வந்தார். அண்ணனும் தங்கையும் முப்பது வருடம் கழித்துப் பார்த்துக்கொண்டார்கள். முதல் நாள் முழுக்க இரண்டு பேரும் பேசவே இல்லை. மறுநாள் வாசப்படியில் உட்கார்ந்து, ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி பாட்டி பேச ஆரம்பித்தார். ஓமந்தையில் சோதனைச் சாவடி, இந்தப் பக்கம் ராணுவம், அந்தப் பக்கம் புலிகள் இயக்கம், நடுவில் செஞ்சிலுவைக்காரர்கள் நிற்கிறார்கள். அப்புறம் கண்காணிப்புக் குழுவின் வெள்ளை வண்டிகள். "அந்த வண்டி தெருவுல போனா அன்னைக்கு நல்லா தூக்கம் வரும் அண்ணே" என்றார். 2002 பிப்ரவரியில் நார்வே நடுவில் நின்று செய்த போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க வந்த நோர்டிக், அதாவது வட ஐரோப்பிய, நாட்டுக்காரர்களின் வண்டிகள் அவை.

அந்தக் குழுவின் கையில் இருந்தது நோட்டும் பேனாவும்தான். மீறலை எழுதிக்கொள்ளலாம், தடுக்க முடியாது. 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றிய நாட்டவர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். சுவீடன், பின்லாந்து, டென்மார்க் போய்விட்டன. 2008 சனவரியில் அரசாங்கம் ஒப்பந்தத்தையே முறித்தது. செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசு சொன்னதால் ஐ.நா.வும் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியது. போகாதீர்கள் என்று சனங்கள் அலுவலக வாசலில் நின்று கெஞ்சினார்கள். அந்தக் கூட்டத்தில் சித்தியும் நின்றிருக்கிறார். சித்தி என்றால் அத்தைப் பாட்டியின் மகள்.

அதற்குப் பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011-ல் ஐ.நா.வின் நிபுணர் குழுவே எழுதியது. வெளியேற முயன்றவர்களைப் புலிகள் சுட்டதையும் அதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அத்தைப் பாட்டி முல்லைத்தீவுக் கடற்கரையில் மாத்தளனில் இறந்தார். எங்கே புதைத்தார்கள் என்பது சித்திக்குத் தெரியும், ஆனால் இப்போது அந்த இடத்தை அடையாளம் காட்ட முடியாது. 2012-ல் ஐ.நா.வின் உள்விசாரணை, தன் அமைப்பே அந்த மக்களைக் காக்கத் தவறியது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன். ஆனால் அது மூன்று வருடம் தாமதம்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. செஞ்சிலுவைச் சங்கம் கடைசி நாட்கள்வரை அந்தக் கரையை விடவில்லை. காயம்பட்டவர்களும் உடன் வந்தவர்களுமாக 13,000 பேருக்கும் மேல் கப்பலில் ஏற்றி வெளியே கொண்டுவந்தது. அந்தக் கப்பல்களில் ஒன்றில், தொடையில் சிதறலோடு சித்தியின் மகன் இருந்தான். இன்று அவன் மோட்டார் மெக்கானிக், கொஞ்சம் நொண்டி நடப்பான்.

சரி, உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி: சனநாயகம். இதற்கு இலங்கையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும். ஆப்பிரிக்காவில் அங்கோலாவும் மொசாம்பிக்கும் இரண்டுமே போர்ச்சுக்கல் ஆண்டவை, 1975-ல் விடுதலை பெற்றவை, உள்நாட்டுப் போரில் வெந்தவை. அங்கோலாவில் 1992 செப்டம்பரில் தேர்தல். ஐ.நா. அனுப்பியது சில நூறு பார்வையாளர்களை. இரண்டு தரப்புப் படைகளும் முழுதாகக் கலையாமலே வாக்குப்பதிவு நடந்தது. தோற்ற கிளர்ச்சிப் படைத் தலைவர் சவிம்பி முடிவை ஏற்காமல் காட்டுக்குத் திரும்பினார், 2002-ல் அவர் கொல்லப்படும்வரை சண்டை முழுதாக ஓயவில்லை.

மொசாம்பிக்குக்கு அதே 1992 அக்டோபரில் ரோமில் ஒப்பந்தம் கையெழுத்தானது. படை அனுப்ப முடிவெடுத்தபோது அங்கோலாவின் அடி எல்லோர் நினைவிலும் பச்சையாக இருந்தது. அதனால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.நா. படையினர் போனார்கள். 1993-ல் நடக்க வேண்டிய தேர்தலை, முதலில் துப்பாக்கியை இறக்குங்கள் என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். ரெனாமோ என்ற கெரில்லா அமைப்பைக் கட்சியாக மாற்றத் தனி நிதியே திரட்டினார்கள். கொலைகாரர்களுக்குக் காசா என்று எனக்கும் முதலில் கோபம் வந்தது. ஆனால் அலுவலகமும் சம்பளமும் இருக்கிறவனுக்குக் காட்டுக்குப் போவதில் இழப்பு இருக்கிறது. 1994 தேர்தலுக்கு முதல் நாள் ரெனாமோ தலைவர் புறக்கணிப்பு என்று அறிவித்தார். ஐ.நா. ஆட்களும் தூதர்களும் அவரை விடாமல் பேசி மறுநாளே மனதை மாற்றினார்கள், வாக்குப்பதிவை ஒரு நாள் நீட்டித்தார்கள். ஆட்கள் அங்கேயே இருந்ததால்தான் அது முடிந்தது. 2013-ல் அங்கே மறுபடி சண்டை வந்தது உண்மைதான். இடையில் ஒரு தலைமுறை குண்டுச் சத்தம் இல்லாமல் வளர்ந்ததும் உண்மை.

கம்போடியா வேறு மாதிரி. 1993-ல் ஐ.நா.வே தேர்தல் நடத்தியது, கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 51 இடம் பெற்றுத் தோற்ற கட்சி ஆட்சியை விட மறுத்ததும், 58 இடம் வென்ற கட்சியோடு சேர்த்து இரண்டு பிரதமர்கள் என்று ஒட்டுப்போட்டார்கள். ஐ.நா. கிளம்பியது. 1997-ல் தோற்ற கட்சியின் பிரதமரான ஹுன் சென் மற்றப் பிரதமரை விரட்டிவிட்டார்.

எங்கள் சித்தி வாக்களித்த தேர்தல் 2013 செப்டம்பரில் நடந்த வடமாகாண சபைத் தேர்தல். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38-ல் 30 இடம் வென்றது. 2018-ல் அந்தச் சபையின் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் ஆண்டுக்கணக்கில் வரவில்லை, மாகாணம் ஆளுநர் கையில் போனது. அந்த முதல் தேர்தலைப் பார்க்கக் காமன்வெல்த் பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் சித்தியிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்து, யாராவது மிரட்டினார்களா என்று கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கு இல்லை என்று சித்தி சொன்னாராம். அப்புறம் அவரும் ஒன்று கேட்டார்: "நாளைக்கும் இருப்பீங்களா?" மொழிபெயர்ப்பாளர் அதை அந்த வெள்ளைக்காரரிடம் சொல்லவே இல்லை, தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் எதையோ எழுதினார் என்றார் சித்தி.