மூடை நெல்லும் கடைக் கொப்பியும்: வீட்டுச் செலவுக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே கவலைதான்: சம்பளம் நின்ற இடத்தில் நிற்கிறது, சாமான் விலை நிற்கவில்லை. 2022 செப்டெம்பரில் இலங்கையில் 70 வீதத்தை ஒட்டிப் போன பணவீக்கம் பிறகு நன்றாக இறங்கிவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். அது உண்மை. ஆனால் பணவீக்கம் இறங்கினால் விலை ஏறுகிற வேகம்தான் குறையும், ஏறிய விலை தானாக இறங்காது. போதாததற்கு 2024 ஜனவரியிலிருந்து வற் (பெறுமதி சேர்) வரி 18 வீதம். ஆகவே "பழைய விலை எப்போது வரும்?" என்று கேட்டவர்களுக்குத் தனியாகப் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். கையில் இருக்கிற காசுக்குக் கிலோக் கணக்கில் கூடுதலாக எங்கே கிடைக்கும் என்று பார்ப்போம்.

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். மாதம் 40 கிலோ நாட்டரிசி முடிகிறது. "வெள்ளாமை வெட்டுகிற நேரம் வாவிக்கு அப்பால் வயல் பக்கமான படுவான்கரையில் நெல் எடுத்து அவித்துக் குத்துவோம், கடையில் காசைக் கொட்டாதே" என்கிறார் மாமி. வீண் அலைச்சல் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
— இல்லத்தரசி, களுவாஞ்சிகுடி

மாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் நினைக்கிற அளவு லாபம் இல்லை.

2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த நெல் கொள்வனவு விலை நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132. அதற்குச் சற்று முன், 2024 டிசம்பரில், நாட்டரிசிக்கு விதித்த கட்டுப்பாட்டுச் சில்லறை விலை 230. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "கிலோவுக்கு 110 ரூபா மில்காரருக்கா?" என்று கொதிக்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒரு கிலோ நெல் ஒரு கிலோ அரிசி ஆகாது. 100 கிலோ காய்ந்த நெல்லைக் குத்தினால் 62 முதல் 65 கிலோ வரை அரிசி எதிர்பார்க்கலாம். மீதி உமியும் தவிடும். 62 என்றே வைப்போம். 12,000 ரூபா நெல்லுக்கு 62 கிலோ அரிசி என்றால் கிலோ ஏறத்தாழ 194 ரூபா. ஏற்றுகூலி, விறகு, குத்துக்கூலி எல்லாம் சேர்த்து 100 கிலோ நெல்லுக்கு 1,200 ரூபா முடிந்தால் கிலோவுக்கு இன்னும் 19 ரூபா ஏறும். ஆக 213. கடை விலைக்கும் இதற்கும் வித்தியாசம் 17 ரூபா. உங்கள் 40 கிலோவுக்கு மாதம் 680 ரூபா மிச்சம்.

விலை மாறிக்கொண்டே இருக்கும், எனவே அன்றைய எண்ணை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். இதில் நெல்லை ஊறப்போட்டு, அவித்து, வெயிலில் கிண்டி, மழைக்கு அள்ளுகிற உழைப்புக்கு ஒரு சதமும் சேர்க்கவில்லை. அந்த வேலை யார் தலையில் விழும் என்பது உங்களுக்கே தெரியும். அதற்கும் கூலி போட்டால் கணவர் வென்றுவிடுவார்.

சரி, மாமி எப்போது வெல்வார்? களத்தில் விலை விழுகிறபோது. பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் சேர்ந்து வருகிறது. கடனுக்கு உரம் வாங்கிய விவசாயி காயவைக்கக் காத்திருக்க முடியாமல் ஈர நெல்லாகவே கொடுத்துவிடுவார். அப்போது 100 ரூபாவுக்குக் கிடைத்தால் மலிவுதானே என்று தோன்றும். அதிலும் ஒரு கழிவு இருக்கிறது. 20 வீதம் ஈரப்பதம் உள்ள 100 கிலோ நெல்லை 14 வீதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது 93 கிலோ. ஆகவே அந்த 100 ரூபா உண்மையில் 107 ரூபா 50 சதம். அப்படியிருந்தும் 120ஐவிட மலிவுதான், எடுக்கலாம். தெரிந்த விவசாயி என்றால் நியாயமான விலையையே கொடுங்கள், அடுத்த போகத்துக்கும் அவரிடம்தான் போக வேண்டும். மூடைக் கணக்கில் பேசாமல் கிலோவில் பேசுங்கள், ஏனென்றால் எல்லா மூடையும் ஒரே நிறை இல்லை.

மில்லில் முதலே கேட்க வேண்டியது: தவிடு யாருக்கு? சில இடங்களில் குத்துக்கூலியோடு தவிட்டையும் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் கோழியோ மாடோ இருந்தால் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

வைப்பதென்றால் அரிசியாக வைக்காமல் நெல்லாக வையுங்கள். உமி இருக்கும்வரை வண்டு எளிதில் ஏறாது. பல்லில் கடித்தால் நசியாமல் டக்கென்று உடைகிற அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். மூடையைச் சீமெந்துத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். ஒரு வருடத்துக்கு வேண்டாம், மூன்று மாதத்துக்குப் போதும். நவம்பர், டிசம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் வருகிற ஊர் நம்முடையது. முக்கியமாக, நெல் வாங்க நகையை அடகு வைக்காதீர்கள். 17 ரூபா மிச்சத்தை வட்டி தின்றுவிடும்.

கேள்வி: கரண்ட் பில்லில் போன மாதம் 57 யூனிட், இந்த மாதம் 66 யூனிட். ஒன்பது யூனிட்டுக்கு இவ்வளவு காசா? மீற்றர் பழுதாக இருக்குமோ?
— ஆசிரியை, கல்லடி

மீற்றரைச் சந்தேகிக்க முன் பில்லில் எத்தனை நாள் என்று பாருங்கள் தங்கச்சி. நமது வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு ஒரு அட்டவணை, தாண்டியவருக்கு வேறொன்று. தாண்டினால் அந்த மேலதிக ஆறு யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60 யூனிட்டும் கூடிய விலைக்குப் போய்விடுகிறது, நிலையான கட்டணமும் ஏறுகிறது. அதனால்தான் இந்தப் பாய்ச்சல்.

இந்தப் படிகள் 30 நாளுக்கானவை. ரீடிங் எடுக்க வருபவர் 33 நாளில் வந்தால் எல்லையும் 66 ஆகும். எனவே மாதத்தை விட்டுவிட்டு நாளைப் பிடியுங்கள். நாளுக்கு இரண்டு யூனிட் தாண்டாமல் இருந்தால் நீங்கள் கீழ்ப்படியில் நிற்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் மீற்றர் எண்ணைக் கலண்டரில் குறித்துவிடுங்கள், 14 கூடியிருந்தால் சரி. அதற்கு மேல் போனால் மாதம் முடிய முன்பே தெரிந்துவிடும்.

எங்கே குறைப்பது? எல்லோரும் பல்பைத்தான் அணைக்கிறார்கள். 9 வாட் எல்.ஈ.டி பல்ப் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதம் ஒன்றரை யூனிட்கூட வராது. 75 வாட் பழைய சீலிங் ஃபேன் இரவு பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 22 யூனிட்டுக்கு மேல். இரண்டு அறை என்றால் 45. வெக்கையான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஃபேனை நிறுத்து என்று மட்டக்களப்பில் யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஃபேன் மாற்ற வேண்டிய நிலை வந்தால் 30 வாட் அளவில் ஓடுகிற பி.எல்.டி.சி ஃபேனைப் பாருங்கள், அதே இரவுக்கு மாதம் 9 யூனிட். நீங்கள் 60க்குச் சற்று மேலே நிற்பவர், உங்களைப் போன்றவருக்குத்தான் அதில் அதிக லாபம். 150 யூனிட் பாவிக்கிற வீட்டுக்கு ஒரு ஃபேன் மாற்றுவதால் படி இறங்காது.

1,000 வாட் அயர்ன் ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். சேலையையும் பிள்ளைகளின் யூனிஃபோமையும் வாரத்துக்கு ஒரே தடவையாகத் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: வழக்கமான கடையில் கொப்பிக் கணக்கு (எழுதிவைத்துப் பிறகு கட்டும் கடன்) வைத்திருக்கிறோம். பக்கற்றில் அடித்த விலையைவிட 10, 20 ரூபா கூட்டி எழுதுகிறார். 1977 என்ற நுகர்வோர் முறைப்பாட்டு இலக்கத்துக்கு அடிக்கலாமா? அடித்தால் கடன் தர மாட்டார்.
— ஒரு ராத்தா, சம்மாந்துறை

அடித்த விலைக்கு மேல் விற்பது குற்றம், அதில் இரண்டு பேச்சு இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 2003ஆம் ஆண்டு வந்தது. 2021இல் திருத்தி, கட்டுப்பாட்டு விலையை மீறும் தனி வியாபாரிக்குத் தண்டப்பணத்தைக் குறைந்தது ஒரு லட்சம் ரூபா ஆக்கினார்கள். 1977 அந்தச் சபையின் இலக்கம். எழுத்து மூல முறைப்பாடு என்றால் வாங்கிய மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது கடைக்காரர் கடமை.

சட்டம் இவ்வளவு. ஆனால் மாதக் கடைசியில் பால்மாவும் மாவும் தருவது 1977 இல்லை, அவர்தான். இதை நானும் யோசித்துத்தான் எழுதுகிறேன். அவர் செய்வது வட்டியைச் சாமானுக்குள் ஒளித்து வைப்பது. 200 ரூபாச் சாமானுக்கு 10 ரூபா கூட்டினால் ஒரு மாதக் கடனுக்கு 5 வீதம், வருடத்துக்கு 60 வீதம். 20 கூட்டினால் அதன் இரட்டை. எந்த வங்கியின் அடகுப் பகுதியிலும் இப்படி ஒரு வட்டி இல்லை.

என் யோசனை, சண்டை வேண்டாம், கொப்பியைச் சிறிதாக்குங்கள். விலை அச்சிட்ட சாமான்களை, அதாவது பால்மா, சவர்க்காரம், தேயிலை, பிஸ்கட் போன்றவற்றை, சம்பளம் வந்த அன்றே அரசுக் கடையான சதொசவிலோ கூட்டுறவுக் கடையிலோ கைக்காசுக்கு எடுத்துவிடுங்கள். கடைசி வாரத்துத் தேங்காய், வெங்காயம், பருப்பு மட்டும் கொப்பியில் இருக்கட்டும். அப்புறம், கொப்பியில் "சாமான் 1,850" என்று மொத்தமாக எழுத விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நிறையும் விலையும் தனி வரியில் வரட்டும். தான் எழுதுவதை யாரோ வாசிக்கிறார்கள் என்று தெரிந்தாலே பேனா கொஞ்சம் அடங்கும்.

முதல் மாதம் கைக்காசும் வேண்டும், பழைய கொப்பியும் கட்ட வேண்டும், அதுதான் சிரமம். ஒரேயடியாக மாற முடியாவிட்டால் பால்மாவை மட்டும் முதலில் வெளியே எடுங்கள்.

கேள்வி: கேஸ் 12.5 கிலோ வாங்கக் காசு சேர்வதில்லை. சின்ன சிலிண்டர் நட்டமா?
— தையல் தொழிலாளி, ஏறாவூர்

இல்லை. பொதுவாகச் சின்னப் பக்கற் என்றால் கிலோ விலை கூடும், கேஸில் அந்த வித்தியாசம் மிகச் சிறிது. 2024 இறுதியில் லிட்ரோ கேஸ் நிறுவனத்தின் கொழும்பு விலை 12.5 கிலோவுக்கு 3,690, 5 கிலோவுக்கு 1,482, 2.3 கிலோவுக்கு 694 ரூபா. கிலோவுக்குப் பிரித்தால் 295, 296, 302. நம் பக்கம் ஏற்றுகூலி சேர்ந்து சற்றுக் கூடும். 5 கிலோவைத் தயங்காமல் வாங்குங்கள். வெற்றுச் சிலிண்டரின் நிறை அதன் கழுத்துப் பக்கம் பொறித்திருக்கும். அதோடு 5ஐக் கூட்டி, கடையிலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குழுக் கடன் 50,000 ரூபா, மாதம் 2 வீத வட்டி, 12 மாதம் என்கிறார்கள். கொப்பிக் கடனையும் கடை பாக்கியையும் அடைத்துவிடலாமா?
— செங்கலடி வாசகி

மாதம் 2 வீதம் என்று அவர்கள் சொல்வது முதல் நாள் கொடுத்த 50,000க்கு, கடைசி மாதம் வரைக்கும். 12 மாதத்துக்கு வட்டி 12,000, தவணை 5,167. ஆனால் நீங்கள் ஒவ்வொரு மாதமும் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். ஆறு மாதம் முடியும்போது உங்கள் கையில் அவர்களுடைய காசு ஏறக்குறைய பாதிதான் இருக்கும், வட்டி மட்டும் முழுத்தொகைக்கு. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் அது மாதம் மூன்றரை வீதம் அளவில், வருடத்துக்கு 42.

மேலே ராத்தாவின் கேள்வியில் பார்த்த 60 வீதக் கொப்பிக் கடனை 42 வீதக் கடனால் அடைப்பது கணக்குப்படி லாபம்தான். அதன் பிறகும் கொப்பி தொடர்ந்தால் இரண்டையும் கட்ட வேண்டி வரும், தவணைக்கு வீட்டு வாசலில் ஆள் நிற்பார். நகை இருந்தால் வங்கி அடகு இதைவிட மலிவாக வரும். எதுவானாலும் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: "வட்டி குறைந்து செல்லும் மீதிக்கா, முழுத்தொகைக்கா? ஆவணக் கட்டணம், காப்புறுதி எவ்வளவு வெட்டுவீர்கள்?" 50,000 என்று சொல்லி 47,000 கையில் தந்தால் மேலே சொன்ன 42ம் போதாது. உரிமம் பெற்ற நிறுவனம் மீது முறைப்பாடு இருந்தால் மத்திய வங்கியின் 1935க்கு அழைக்கலாம்.

கேள்வி: மீன் விலைக்கு ரின்மீன் மலிவா?
— மாணவர் விடுதியில் சமைப்பவர், அக்கரைப்பற்று

ரின்னில் 425 கிராம் என்று பெரிதாக இருக்கும், வடித்த நிறை என்று சின்னதாக இன்னொன்று இருக்கும். சாப்பிடக் கிடைப்பது அந்தச் சின்ன எண் மட்டும்தான், மீதி தண்ணீர். அதைக் கொண்டு கிலோ விலை போட்டுப் பாருங்கள் தம்பி. சூடையும் சாளையும் படுகிற நாளில், தலை, குடல் கழித்தால்கூட ரின் தோற்றுவிடும். கடல் கொந்தளிக்கிற மாரி மாதங்களில் ரின் வெல்லும், அப்போது வாங்கி வையுங்கள்.

மீன் நிறுக்கிற தராசில் இந்த வருட முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். வியாபாரத் தராசு ஒவ்வொன்றையும் வருடத்துக்கு ஒருமுறை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் சோதித்து முத்திரையிட வேண்டும். அதன் உத்தியோகத்தர்களை மாவட்டச் செயலகத்தில் சந்திக்கலாம். விடுதிக்கு நாளுக்குப் பத்துக் கிலோ எடுப்பவர் என்றால், ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வீட்டுத் தராசில் நிறுத்து எழுதிவைத்து, அதையே மீன்காரர் தராசிலும் வைத்துப் பார்க்கலாம்.